மூன்றாவது ஸ்கேன்

"மறுபடியும் ஸ்கேனா? ஏம்மா உயிரை வாங்கறே? இது மூணாவது தடவை." கணினித் திரையில் பல் டாக்டர் சிடுசிடுத்தார்.

"முன்பல் ரெண்டும் பாதியில ஒடைஞ்சிருக்கு டாக்டர். ஓரம் தெளிவா விழலைன்னா நான் செய்யற பல் உட்காராது." செயற்கைப் பல் செய்யும் லேபில் இருந்த டெக்னீஷியன் கட்டுப்போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் அந்த வாயின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கிளினிக் நாற்காலியில் கிடந்தவன் ரத்தத்தைத் துப்பினான். "பைக்லேர்ந்து விழுந்தவனை இப்படியா வதைப்பீங்க? சாயங்காலம் நான் ஊருக்குக் கிளம்பணும். லேட்டாச்சுன்னா உன் பல்லையும் சேத்து ஒடைச்சுடுவேன்."

டாக்டர் குரலைத் தாழ்த்தித் திரைப்பக்கம் குனிந்தார். "ஆள் முரடனா இருக்காம்மா. சீக்கிரம் முடி."

"அஞ்சே நிமிஷம். வாயைத் திறந்தே வச்சிருக்கச் சொல்லுங்க."

ஐந்தாவது நிமிடம் கிளினிக்கின் கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. அவன் துள்ளி எழுந்து, கருவித் தட்டைத் தூக்கி எறிந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் அவன் கையை முறுக்கித் தரையோடு அழுத்தினார்கள்.

டாக்டர் சுவரோடு ஒட்டி நின்றார். "யாரும்மா போலீசைக் கூப்பிட்டது?"

"நான்தான் டாக்டர். நேத்து முகத்தை மூடிக்கிட்டு வந்து எங்கக்காவைக் கத்தியால குத்தினான். பிடிக்கப் போனப்ப வாய்ப்பக்கம் துணி விலகி, என் கையைக் கடிச்சான். செங்கல்லால வாயிலயே போட்டேன். பல்லு என் கையிலயே ஒடைஞ்சு நின்னுடுச்சு."

அந்தப் பல் துண்டின் படத்தை அவள் திரையில் நகர்த்தினாள். உடைந்த இடத்தில் மயிரிழை இடைவெளி இல்லாமல் அது உட்கார்ந்தது.

"முதல் ஸ்கேன்லயே பொருந்திடுச்சு டாக்டர். மத்த ரெண்டும் போலீஸ் வந்து சேர்றதுக்கு."