தோளில் பதிந்த தடம்

கடை அலமாரியில் இருந்தபோது அந்தப் பெரிய லேப்டாப்புக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்தில் இருந்த ஒல்லி லேப்டாப்பைப் பார்த்து, "அப்பளம் மாதிரி இருக்கே, நீ எந்த வேலையைத் தாங்குவே?" என்று கேட்டது. கடைக்காரரும் பெரியதையே புகழ்ந்தார். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் எடையைக் குறிக்கும் நர்ஸ் செண்பகவல்லி அதையே வாங்கினாள்.

மறுநாள் மலையடிவாரத்தில், மூன்றாவது வீட்டிலேயே அதற்குச் சார்ஜ் தீர்ந்துவிட்டது. செங்கல் போலக் கனத்த சார்ஜரைக் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, ப்ளக் பாயிண்ட் இருக்கா?" என்று வாசல் வாசலாகக் கேட்டாள் அவள்.

"கரண்ட் போயி ரெண்டு நாளாச்சும்மா" என்றார்கள்.

கடைசியில் பையிலிருந்த நாற்பது பக்க நோட்டுதான் எல்லாக் குழந்தைகளையும் எழுதிக்கொண்டது. வேலை முடிந்ததும், "கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா, நான் உள்ளே வரணும்" என்றது நோட்டு. லேப்டாப் வாய் திறக்காமல் ஒதுங்கியது.

வீட்டுக்கு வந்த செண்பகவல்லி லேப்டாப்பைப் பூப்போல எடுத்து மேஜையில் வைத்து, தூசி துடைத்தாள். பிறகு உட்கார்ந்து தோளில் தைலம் தேய்த்தாள். பையின் வார் பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அதற்கு.