பக்கத்தில் இருந்த குரல்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வீட்டிலிருந்தே வானலையில் பேசிக்கொள்ளும் வாரக் கூட்டத்தில் இருந்தவர்கள்: அலிப்பூரிலிருந்து கூட்டத்தை நடத்திய ராகவேந்திரன், ஜாதவ்பூரிலிருந்து குருபிரசாத், டாக்குரியாவில் நாலாவது மாடியில் தனியாகக் குடியிருக்கும் மாதங்கி.

மாதங்கி புதுசு. தேர்வெழுதி லைசென்ஸ் வாங்கி, கையில் பிடிக்கிற ரேடியோ செட்டும் வாங்கிவிட்டாள். ஆனால் இரண்டு வாரமாகப் பேசும் பட்டனை அழுத்தியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. லைசென்ஸில் தந்த எழுத்துகளான தன் அழைப்புக்குறியைத் தானே சொன்னால்தான் கூட்டத்தின் பதிவேட்டில் ஏற்றுவார்கள். இன்றைக்காவது ஏறிவிட வேண்டும்.

ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"கணீர்னு இருக்கும்மா," என்றார் ராகவேந்திரன். "ஆனா பக்கத்துல ஒருத்தர் கூடவே சொல்றாரே, யாரு? லைசென்ஸ் இல்லாதவா பேசப்படாது."

"யாரும் இல்லையே மாமா."

"போன ரெண்டு வாரமும் உன் குறியை அவர் மட்டும்தான் சொன்னார். நான் ஏத்திக்கல."

குருபிரசாத் சிரித்தான். "துர்கா பூஜா டிராமா மாதிரி, பின்னாலேர்ந்து வசனம் எடுத்துக்கொடுக்க ப்ராம்ப்டர் வச்சிண்டிருக்கியா, மாதங்கி?"

மாதங்கி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பழைய சூட்கேஸ் மட்டும் இருந்தது.

"அவர் உள்ளேயே இருக்கட்டும். நீ வெளில வந்து சொல்லு, ஏத்திக்கறேன்," என்றார் ராகவேந்திரன்.

செட்டோடு வெறுங்காலாக மாடிப்படிக்கு வந்தாள். பட்டனை அழுத்தி, எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"இப்போ நீ மட்டும்தான். ஏத்தியாச்சு."

அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. முதுகுக்குப் பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே மேல் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு கீழ்த் தாழ்ப்பாளையும்.