தீப்பெட்டி அகலம்

"சீரியல் கார்டுங்களா? அதெல்லாம் இப்ப யாருங்க்கா வாங்கறாங்க? சீரியல் பாக்கறவங்க போன்லயே பாத்துக்கறாங்க."

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற மதியழகன், கம்ப்யூட்டரில் டி.வி. தெரிய வைக்கிற கார்டைத்தான் அந்தப் பெண் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

ராஜமேரி சிரிக்கவில்லை. கையிலிருந்த போனை ஒருமுறை தொட்டுக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"நாடகம் பாக்கற சீரியல் இல்லீங்களாம் தம்பி. கோயில் தேருக்குக் கட்டற சீரியல் லைட்டும் இல்லீங்களாம். லேப்டாப்புல சொருகறதாம். முனையில ஒம்பது ஊசி இருக்குமாம். அப்படித்தான் சொல்லச் சொல்றாரு."

"யாரு, அண்ணனுங்களா?"

"அவருதாங்க."

மதியழகனுக்கு இப்போது புரிந்தது. விசாரித்ததில் மீதியும் வந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் இவர்கள் குத்தகைக்கு எடுத்த லாரி எடைமேடை ஒன்று இருக்கிறது. ஐப்பசியில் விழுந்த இடியில் அங்கிருந்த கம்ப்யூட்டர் கருகிவிட்டது. பதிலுக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கினார்கள். எடை காட்டும் பெட்டியிலிருந்து வருகிற ஒயரைச் சொருக அதில் இடமில்லை. எடை கம்ப்யூட்டருக்குள் போகாமல் ரசீது அச்சாகாது. மேடை அன்றிலிருந்து மூடிக் கிடக்கிறது. புளி லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டதால், திங்கட்கிழமை மேடையைத் திறக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று இடத்துக்காரர் சொல்லிவிட்டார். இன்று சனிக்கிழமை.

லேப்டாப்பையே கொண்டுவந்திருக்கலாமே என்றான். அதிலிருக்கிற ஒயர்களைப் பிடுங்கிவிட்டால் எதை எங்கே திருப்பிச் சொருகுவது என்று தனக்குத் தெரியாது என்றாள். அண்ணனாவது கூட வந்திருக்கலாமே என்றான். அவரால் வர முடியாது என்றாள்.

மதியழகன் அலமாரியைத் திறந்து, ஒரு முனையில் யூ.எஸ்.பி.யும் மறுமுனையில் ஒன்பது ஊசியும் உள்ள ஒயர் ஒன்றை எடுத்தான். அவன் திரும்புவதற்குள் அவள் போனைக் கேட்டு முடித்திருந்தாள்.

"ஒயரு எடுத்துக் காட்டுவீங்களாம். வாங்க வேணாம்ங்கறாரு. ஏற்கெனவே ஒண்ணு போட்டுப் பாத்துட்டாராம். லாரி ஏறி நின்னாலும் சைபர்லயே நிக்குதாம்."

மதியழகன் கையிலிருந்த ஒயரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். போன் அவள் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அதன் வழியாக யாரும் கடையைப் பார்க்க முடியாது. அண்ணாந்து கடையின் கண்காணிப்பு கேமராவைப் பார்த்தான். அது போன மாதமே கெட்டுப்போனது.

ஒயரை வைத்துவிட்டு, பழைய கார்டுகள் கிடந்த டப்பாவை மேசைமேல் கவிழ்த்தான்.

"இது ரெண்டு அகலத்துல வருதுங்க்கா. மாத்திப் போட்டா உள்ளயே போவாது. எந்த அகலம்னு கேளுங்க."

அவள் போனைத் தொட்டாள், கேட்டாள். கேள்வியைப் போனில் சொல்லவே இல்லை.

"தீப்பெட்டி அகலங்களாம். ஓட்டையில தீப்பெட்டிய வெச்சே அளந்து பாத்தாராம். பழைய சாமான்தான் கெடைக்கும், அதுக்கு மொகத்தச் சுளிக்காதன்னு சொல்றாரு."

கேள்வி போகாமலே பதில் வருகிறது. மதியழகன் வாசல்வரை போய் எதிரேயிருந்த டீக்கடையைப் பார்த்தான். அங்கே மூன்று பேர் காதில் போனோடு நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் இந்தப் பக்கம் பார்த்தார். மதியழகன் அவருக்குக் கையாட்டினான். அவர் முறைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

உள்ளே வந்து, "அண்ணன் எங்கயாவது ஒளிஞ்சு நின்னு வெளையாடறாருங்களா?" என்றான்.

"அவரு அப்படியெல்லாம் செய்ய மாட்டாருங்க."

தீப்பெட்டி அகலத்தில் இரண்டு கார்டுகள் கிடைத்தன. இரண்டையும் துடைத்து அவள் முன்னால் வைத்தான்.

"இதுல ஒயரு சொருக ஒத்த வாய். இது ரெட்ட வாய். ரெட்டைன்னா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். ஆனா எந்த வாய்ல எடை வருதுன்னு நாமதான் லேப்டாப்புல செட் பண்ணணும். அண்ணனுக்கு அது பழக்கம்னா ரெட்டையே எடுத்துக்கங்க. நாளைக்குக் கட லீவு, மாத்திக் குடுக்க முடியாது. ஒத்தையா, ரெட்டையான்னு நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

ராஜமேரி கேட்டாள். ஒருமுறை தொட்டுக் கேட்டு, மறுபடி தொட்டுக் கேட்டாள். இந்த முறை பதில் சட்டென்று வரவில்லை. அடுத்த வாடிக்கையாளர் வந்து, ஒரு மவுஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனிலிருந்து ஓர் ஆணின் இருமல் மட்டும் வெளியே கேட்டது.

"இத மட்டும் சொல்லலீங்க தம்பி," என்றாள் கடைசியில்.

மதியழகன் பொறுமையிழந்தான். இவ்வளவு சொல்கிற மனுஷனுக்கு இதைச் சொல்ல என்ன? "லைன்லதான இருக்காரு? குடுங்க, நானே கேக்கறேன்," என்று போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"அண்ணே, ஒத்தையா, ரெட்டையா?"

மறுபுறம் சத்தமே இல்லை. போனை எடுத்துப் பார்த்தான். அழைப்பு எதுவும் இல்லை. திரையில் வரிசையாகப் பதினேழு குரல் பதிவுகள் இருந்தன. கடைசிப் பதிவு டிசம்பர் ஒன்பதாம் தேதி வந்தது. இப்போது மார்ச்.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஒக்காந்துகிட்டு, கடைக்காரரு என்னென்ன கேப்பாருன்னு யோசிச்சு யோசிச்சுப் பேசி அனுப்புனாருங்க," என்றாள் ராஜமேரி. "இதக் கேப்பீங்கன்னு தோணறதுக்குள்ள போயிட்டாரு. ஒத்தையே குடுங்க தம்பி."