சுண்ணாம்புக் கோட்டு வீடு

"பாத்தீங்களா! இன்னும் கவுன்சில்ல தீர்மானமே போடலை, அதுக்குள்ள குடி வந்தாச்சு!"

காரைவிட்டு இறங்கும்போதே குரல் கொடுத்தார் பெயின்ட் கடைக்காரர். கவுன்சிலில் இந்த வீட்டுத் திட்டத்தை எதிர்ப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் வாய்.

திடலின் நடுவே சுண்ணாம்புத் தூளால் ஒரு வீடு வரைந்திருந்தது. முடிவெடுக்கும் முன் மாதிரி வீட்டை நிஜ அளவிலேயே தரையில் கோடு போட்டுப் பார்ப்பது இந்தக் கவுன்சிலின் வழக்கம். அந்தக் கோடுகளுக்குள் ஒரு அம்மாள் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா சாயங்காலம் ஆனா வந்துடறாங்க," என்றார் கோடு போட்ட சர்வேயர். "கோடு அழியாமதான் பெருக்கறாங்க. நானும் ஒண்ணும் சொல்லலை."

"கிடங்குல இருக்கறவங்களா இருக்கும், பாவம்," என்றார் டீச்சர். அவரும் உறுப்பினர், ஆனால் திட்டத்துக்கு ஆதரவு. "ரெண்டு வருஷமா தகரத் தடுப்புக்குள்ள கிடந்தா யாருக்குத்தான் அவசரம் இருக்காது?"

வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்த நாற்பது குடும்பங்கள் ஊர்க்கோடியில் ஒரு பழைய கிடங்கில் இருந்தன. அவர்களுக்காகத்தான் இந்த வீடுகள். எதிரே இருந்த அடுக்குமாடிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. வீடுகளே வேண்டாம், மீறிக் கட்டினால் எங்கள் பக்கம் பார்த்து ஒரு ஜன்னல்கூட இருக்கக் கூடாது என்று மனு கொடுத்துவிட்டார்கள். வம்பெதற்கு என்று இன்ஜினியர் அந்தப் பக்கத்து ஜன்னலை வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டார்.

அப்படியும் மனுவை அவர்கள் திரும்பப் பெறவில்லை. முப்பது கையெழுத்து இருந்தால் திட்டத்தைக் கிடப்பில் போட வேண்டும் என்பது விதி. மனுவில் சரியாக முப்பது. ஆறு மணிக்குக் கூட்டம். அதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கவுன்சில் தலைவிதான் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார், மனு இருந்த ஃபைலோடு.

தலைவி கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார்.

"ஐயோ, சுவர் வழியா வர்றீங்களே! வாசல் அந்தப் பக்கம்மா!" பதறினார் அந்த அம்மாள்.

சர்வேயர் சிரித்துவிட்டார். தலைவி என்ன நினைத்தாரோ, சுற்றிப் போய், கோட்டில் இடைவெளி விட்டிருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். டீச்சர் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்தார். கடைசியாக வந்த பெயின்ட் கடைக்காரர், பழக்க தோஷம், பின்னால் கையை நீட்டிக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"இதுதான் கூடம். நாலு பேர் கால் நீட்டி உக்காரலாம்," என்றார் அந்த அம்மாள். "இந்தப் பக்கம் அடுப்படி. ஒருத்தர் சமைச்சா ஒருத்தர் நின்னு கதை பேச இடம் இருக்கு. ரெண்டு பேர் சமைச்சா சண்டைதான்."

"நீங்க சமைச்சே பாத்தீங்களா?" கிண்டலாகக் கேட்டார் பெயின்ட் கடைக்காரர்.

"முந்தாநாள் சமைச்சேன். நேத்து துணி மடிச்சேன். இங்கே பாய் போட்டுக் கொஞ்சம் படுத்தும் பாத்தேன். பெருக்காம மட்டும் எனக்கு முடியலை. குப்பையோட ஒரு வீட்டை நினைச்சுப் பாக்க எனக்கு வராது."

சாயங்கால வெயில் சுவர்கள் இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் மஞ்சளாக நிரப்பியிருந்தது. யாருக்கும் கிளம்பத் தோன்றவில்லை. டீச்சர் அடுப்படி ஓரம் நின்று எதையோ எட்டி எடுப்பதுபோல் கையைத் தூக்கி இறக்கினார். பெயின்ட் கடைக்காரர்கூட வெறும் காற்றை ஏற இறங்கப் பார்த்து, "இந்தச் சுவருக்கு இளமஞ்சள் அடிச்சா அறை பெருசாத் தெரியும்," என்று முணுமுணுத்தார். திட்டத்தை எதிர்க்க வந்தவர் என்பது அவருக்கே ஒரு நிமிஷம் மறந்து போயிருந்தது.

அந்த அம்மாள் படுக்கையறைக்குள் போனதும் முகம் வாடி நின்றுவிட்டார். எதிரே அடுக்குமாடி. நடுவில் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே, சுவர் இருக்கவேண்டிய இடத்தில், உள்ளங்கையை வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. இங்கே வந்தா மட்டும் மூச்சு முட்டுதும்மா. காலையில கண்ணு முழிச்சா விடிஞ்சுதா இல்லையான்னே தெரியாது. ஒரு சின்னப் புள்ளை இந்த அறையில எப்படி இருக்கும்? இங்கே ஒரு ஜன்னல் வைங்க."

தலைவி ஃபைலைத் திறந்து மனுவைப் பார்த்தார்.

"ஜன்னலா? நல்லாக் கேட்டீங்க!" பெயின்ட் கடைக்காரருக்கு நினைவு திரும்பிவிட்டது. "இந்தப் பக்கம் ஜன்னலே கூடாதுன்னு மனுவுல கொட்டை எழுத்துல எழுதியிருக்கு. முப்பது பேர்! முதல் கையெழுத்துப் போட்ட மகராசிகிட்டப் போய் இதைச் சொல்லுங்க பாப்போம். கடிச்சுத் துப்பிடுவாங்க."

அந்த அம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு தலைவி அருகில் வந்தார்.

"துப்ப மாட்டேங்க," என்றார். "எங்க மாடியிலேருந்து பாத்தப்ப எனக்கு வெறும் கோடாத்தான் தெரிஞ்சுது. பேனா இருந்தாக் குடுங்க, அந்த முதல் கையெழுத்தை நானே அடிச்சுடறேன்."