அப்பாவின் தாடை

கஞ்சி குடிக்க வாயைத் திறந்ததும் ஃபெபியின் காதோரம் ‘டொக்’ என்றது.

தாடை மூட்டின் சத்தம். ஆபரேஷனுக்கு முன்பும் இருந்தது. ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்காகியும் போகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அப்பா ஆரோக்கியதாஸுக்குக் கேட்டிருக்குமோ என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவருக்கும் அதே சத்தம் உண்டு, அதே வலியும் உண்டு. ஆபரேஷனுக்கு முன் அவளுக்கு இருந்தது போலவே முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் தாடை. அப்பனை உரித்து வைத்திருக்கிறாள் என்று கொட்டச்சேடு ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லியே அவளைக் குறுக வைத்த தாடை.

சேலத்து டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. முகம் சீராகிவிடும், ஆனால் மூட்டு வலி போகும் என்று உறுதி சொல்ல முடியாது, கூடினாலும் கூடலாம் என்றார். ஃபெபிக்கு முகம்தான் வேண்டியிருந்தது. அதை அப்பாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வலிக்குத்தான் வைத்தியம் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

“வலி உட்டுருச்சா கண்ணு?”

“ம்.”

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப நானும் அதே டாக்டருகிட்டயே பண்ணிக்கறேன் சாமி. சோறு மெல்லவே முடியாம நொம்ப நாளாக் கெடக்கறேன். ரைட்டருகிட்ட லீவு கேட்டுட்டேன்.”

காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் எஸ்டேட் கணக்கரிடம் லீவு கேட்டிருக்கிறார். மகள் சொன்னதை நம்பிக் கத்திக்குத் தாடையைக் கொடுக்கப் போகிறார். ஃபெபி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“வேண்டாங்கப்பா. எனக்கு இன்னும் வலிக்குது.”

“அப்பறம் எதுக்குக் கண்ணு…”

அவர் அவளுடைய புதிய தாடையைப் பார்த்தார். நாளை அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக இரவல் வாங்கி அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டைத் தாடையிலிருந்து எடுக்கவில்லை.

“நாளைக்கு அவங்க வாரப்ப நான் நாகலூர்ல அத்தை ஊட்டுல இருந்துக்கறேன் கண்ணு. மாமன் இருந்து பேசட்டும்.”

ஃபெபியை வெட்கம் பிடுங்கித் தின்றது. ‘வேண்டாங்கப்பா’ என்று இன்னொரு முறை சொன்னால் போதும். அதற்கு வாயைப் பெரிதாகத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டாள்.