ரஜிதா நிற்காத படம்

"பட்டுச்சேலை வேண்டாம்மா. வீட்டுல உடுக்கிறதே மதி, அது போதும்" என்று வாசலில் நின்றபடி உள்ளே பார்த்துச் சொன்னாள் ரஜிதா.

ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்த பாண்டியராஜ் நிமிர்ந்து பார்த்தான். மட்டாஞ்சேரியில் ஸ்டூடியோ வைத்த நாளிலிருந்து எத்தனையோ குடும்பங்களைப் படம் எடுத்திருக்கிறான். பெட்டியில் இருக்கும் நகையெல்லாம் அன்றைக்குக் கழுத்துக்கு வந்துவிடும். நல்ல சேலையை மாற்றச் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

அந்தச் சின்ன வீட்டில் நான்கு தலைமுறை ஒன்றாக இருந்தது. கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாலையா, அவர் மகள் வீரலட்சுமி, அவள் மகள் ரஜிதா, ரஜிதாவின் இரண்டு குழந்தைகள். மூத்தவன் அப்புவுக்கு ஐந்து வயது. இளையவள் இன்னும் தவழ ஆரம்பிக்கவில்லை. களமசேரியில் கம்பெனி வேலைக்குப் போகும் ரஜிதாவின் கணவன் ஷாஜி, லீவு போட்டுவிட்டு ஒரு ஓரமாக நின்றிருந்தான்.

வீட்டுக்கே வந்து எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று காலையில் ஸ்டூடியோவுக்கு வந்து கேட்டதும் ரஜிதாதான். ஜூன் மாதத்து மழை சற்று நேரம் விட்டிருந்தது. வானம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி கொட்டலாம்.

பாலையா விடாமல் இருமினார். அவரை நாற்காலியில் உட்காரவைக்க ஷாஜியும் பாண்டியராஜும் ஆளுக்கொரு பக்கம் தாங்க வேண்டியிருந்தது. வீரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பாண்டியராஜுக்கு விஷயம் புரிந்தது. இந்த மாதிரிப் படங்கள் அவனுக்குப் பழக்கம்தான். கொஞ்ச நாள் கழித்து அதே வீட்டிலிருந்து யாராவது வந்து, பெரியவரின் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். மாலை போட வசதியாக.

எனவே பாலையாவை நடுவில் வைத்து மற்றவர்களைச் சுற்றி நிறுத்தினான். ரஜிதா ஒத்துக்கொள்ளவில்லை.

"தாத்தா ஓரத்துல இருக்கட்டும் அண்ணே. அப்புவை நடுவுல நிறுத்துங்க."

அதோடு விடவில்லை. குழந்தையின் கன்னத்தில் வைத்திருந்த பெரிய மைப்பொட்டைத் துடைத்து எடுத்தாள். வீரலட்சுமி எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்த அப்புவின் தலையைக் கையால் கலைத்துவிட்டாள். அவன் நெற்றியில் தையல் போட்ட தழும்பு ஒன்று இருந்தது. கொஞ்சம் திரும்பி நின்றால் அது தெரியாது என்றான் பாண்டியராஜ். தெரியட்டும் என்றாள் அவள்.

ஷாஜியைச் சிரிக்கச் சொன்னபோது அதற்கும் குறுக்கே வந்தாள். "வேண்டாம் அண்ணே. சேட்டன் போட்டோவுக்குச் சிரிக்கிற ஆள் இல்லை. சிரிச்சா வேற யாரோ மாதிரி இருக்கும்."

ஷாஜி அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

காற்று எழுந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நிற்கவைக்கும் போதெல்லாம் அப்பு ஓடினான். பொறுக்க முடியாமல் ரஜிதா ஒரு அதட்டல் போட்டாள். அவன் உதடு பிதுங்கி அப்படியே நின்றுவிட்டான். உடனே அவள் ஓடிப்போய் அவனை அணைத்துக்கொண்டாள். பிறகு கதவு நிலையைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடி நின்றாள். வீரலட்சுமி பதறி எழுந்தாள். ஒன்றுமில்லை என்று கையசைத்து அம்மாவை உட்காரவைத்துவிட்டு, மழைக்கு முன்னால் எடுக்கச் சொல்லிப் பாண்டியராஜை அவசரப்படுத்தினாள் ரஜிதா.

"நீங்களும் வந்து நில்லுங்க" என்றான் பாண்டியராஜ். "நீங்க இல்லாம நாலு தலைமுறை எப்படி வரும்? நடுவுல ஒண்ணு விட்டுப்போகுமே."

"நான் வேண்டாம்" என்று அவள் கேமராவுக்குப் பக்கத்தில், அவன் தோளை ஒட்டி வந்து நின்றாள். "இங்கேருந்து எனக்கு எப்படித் தெரியுதோ, அப்படியே வரணும்."

அம்மாவைத் தேடி அப்புவின் கண் கேமரா பக்கம் திரும்பியது. பாட்டி மடியிலிருந்த குழந்தையும் பார்த்தது. பாலையாவின் இருமல் சற்று அடங்கியிருந்தது. பாண்டியராஜ் அடுத்தடுத்துப் பல முறை அமுக்கினான். முதல் தூறல் விழுந்தது.

பிலிம் ரோல் முடிந்ததும் கழுவி, சில நாளில் தருவதாகச் சொன்னான். நாளைக் காலையிலேயே வேண்டும் என்றாள் ரஜிதா. லேப் எர்ணாகுளத்தில் இருக்கிறது, இப்போதே படகைப் பிடித்தால்தான் நடக்கும் என்றான். அப்படியே செய்யச் சொல்லிக் கெஞ்சினாள்.

அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்தது. படலைத் தாண்டும்போது, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னான்.

"பயப்படாதீங்க. இதைவிட மோசமா இருந்தவங்க எல்லாம் எழுந்து நடமாடுறாங்க. பெரியவருக்கு ஒண்ணும் ஆகாது."

ரஜிதா திரும்பிப் பார்த்தாள். அப்பு ஷாஜியின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தான்.

"தாத்தாவுக்கு ஒரு சூக்கேடும் இல்லை அண்ணே, வயசும் மழைக்காலத்து இருமலும்தான்" என்றாள். "எனக்குத்தான் தலையில ஆபரேஷன், நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரணும். கண் முழிக்கும்போது வீட்டு ஆட்களையே தெரியாமப் போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்பு அம்மான்னு ஓடி வரும்போது, நீ யாருன்னு நான் கேட்டுடக் கூடாது இல்லையா?"