சாணி பூசிய முகம்

"எந்தப் படுபாவி பண்ணின வேலை இது?"

பூம்பாறை பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டிய போஸ்டரில் சாணி வழிந்துகொண்டிருந்தது. போட்டோகிராபர் சண்முகராஜ்தான் கத்தினான். காசநோயிலிருந்து மீண்டவர்களைப் படம் எடுத்து, 'மறைக்காதீர்கள், குணமாகும்' என்று போஸ்டர் போட்டு ஊர் ஊராக ஒட்டுகிறான். அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படமே இதுதான். பூண்டு உரிக்கப் போகும் பாண்டியம்மாள், கையில் மாத்திரை அட்டையோடு.

"நான்தான் சார் பூசினேன்."

திரும்பினான். பாண்டியம்மாளேதான். கையெல்லாம் சாணி.

"உங்களுக்கென்ன கிறுக்கா?"

"எம் மூஞ்சிதானே சார். கொடைக்கானல்ல பெரிய ஹால்ல மாட்டுவோம், டூரிஸ்ட்டுங்க பாப்பாங்கன்னுதான சொன்னீங்க. எங்க ஊருலயே ஒட்டுவோம்னு சொல்லலையே. இப்ப ஒருத்தரும் பூண்டு உரிக்கக் கூப்பிடுறதில்ல. டீக்கடையில கிளாஸ் தர மாட்டேங்குறான்."

"நோய்தான் குணமாயிருச்சே! நீங்க எதுக்கு வெக்கப்படணும்? மறைச்சு மறைச்சுத்தான் ஊரே இப்படிக் கெடக்கு."

பேச ஆரம்பித்துவிட்டால் சண்முகராஜுக்கு மைக் வேண்டாம். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் சார். இது உங்களுக்கு வந்திருந்தா, உங்க படத்தை இப்படி ஒட்டுவீங்களா?"

"கொடைக்கானல் பஸ் ஸ்டாண்ட்லயே ஒட்டுவேன்!"

யாரோ கை தட்டினார்கள். பாண்டியம்மாள் பக்கத்திலிருந்த குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, சுவரிலிருந்த தன் முகத்தை முந்தானையால் தானே துடைத்தாள்.

"அந்த மாத்திரை அட்டையும் நல்லாத் தெரியணும்" என்றான் அவன்.

அதையும் துடைத்தாள்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. மனைவி ஷர்மிளா.

"ஏங்க, உங்க பழைய கேமரா பையில ஒரு மாத்திரை அட்டை கெடக்கு. அந்த போஸ்டர்ல இருக்கிறது மாதிரியே இருக்கு. யாரோடதுங்க?"

சண்முகராஜ் சட்டென்று கார் கண்ணாடியை ஏற்றினான். சில மாதங்களாக வீட்டுக்குக்கூடத் தெரியாமல் அவன் விழுங்கிவரும் மாத்திரை. காலையில் கிளம்பிய அவசரத்தில் பீரோவில் வைத்துப் பூட்ட மறந்துவிட்டான்.

கண்ணாடி வழியே பார்த்தான். பாண்டியம்மாள் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது அந்தப் பாண்டியம்மாளோடது. படம் எடுத்தப்ப பைக்குள்ள விழுந்திருக்கும். தொட்டுட்டியா? மொதல்ல போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு!"